புல்லில் காத்திருக்கும் காய்ச்சல்



தோட்டத்து மாரியம்மன் கோவிலில் திருவிழா என்றால், ஜொகூர் பாருவிலும் ஸ்கூடாயிலும் பாசிர் கூடாங்கிலும் குடியேறிவிட்ட பிள்ளைகளெல்லாம் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆயர் ஈத்தாம் நாற்சந்தியில் இறங்கி, குளுவாங் சாலைப் பக்கம் ஒரு கூட்டம், பத்து பகாட் சாலைப் பக்கம் ஒரு கூட்டம் என்று பிரிந்து போவார்கள். லயத்து வீடுகள் பல இடிந்துவிட்டன. ஆனால் கோவில் இருக்கிறது. கோவிலுக்குப் பின்னால் செம்பனையும் இருக்கிறது. அன்னதானம் முடிந்ததும் அந்த நிழலில், பாய்கூட விரிக்காமல், புல்லில் உட்கார்ந்து பழங்கதை பேசுவதில் ஒரு சுகம் உண்டு.

அப்படிப் பேசிவிட்டு வீடு திரும்பிய ஒரு பெண்ணுக்குப் பதினோராம் நாள் காய்ச்சல் கண்டது. வீடு ஜொகூர் பாருவில், எட்டாவது மாடியில். தலைவலி பொறுக்க முடியவில்லை, கண் சிவந்துவிட்டது. கிளினிக்கில் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் டெங்கியாக இருக்குமோ என்று இரத்தம் பார்த்தார்கள். டெங்கி இல்லை என்று வந்தது. வேறொரு மாத்திரை கொடுத்தார்கள். ஆறாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. மருமகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்திலிருந்து மாமியார் போனார். உடை மாற்றிவிடும்போது, பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் பொருக்கைக் கண்டார். சிகரெட்டால் சுட்டதுபோல் வட்டமாக, நடுவில் கறுத்து, ஓரம் சிவந்து இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

மாமியார் எனக்குத் தொலைபேசியில் பேசினார். நான் இந்தப் பகுதித் தோட்டங்களில் பல ஆண்டுகள் மருத்துவ உதவியாளனாக வேலை செய்தவன். தோட்டத்தில் ‘டிரசர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘‘டிரசர் ஐயா, இது நம்ம பழைய புல்லுக் காய்ச்சல் மாதிரி இருக்கே’’ என்றார் அந்த அம்மாள். ‘‘உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பொருக்கைக் காட்டுங்கள். எந்த நாளில், எந்தத் தோட்டத்தில், புல்லில் உட்கார்ந்தாள் என்பதையும் சொல்லுங்கள்’’ என்றேன். மருத்துவர் உடனே புரிந்துகொண்டார். மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

காய்ச்சல் வந்தது நகரத்தில். அது தொற்றிய இடம் தோட்டம். இடையில் பதினொரு நாள். இந்த இடைவெளிதான் பலரை ஏமாற்றிவிடுகிறது.

இதன் பெயர் என்ன? மருத்துவர்கள் ‘ஸ்க்ரப் டைஃபஸ்’ என்பார்கள். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்றும் சிற்றுண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். டைஃபஸ் வேறு, டைஃபாய்டு வேறு. பெயர் ஒலி ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டைஃபாய்டு அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருவது. இது பூச்சிக் கடியால் வருவது.

எந்தப் பூச்சி? உண்ணி என்றதும் மாட்டு மடியிலும் நாய்க் காதிலும் அவரை விதைபோல் உப்பித் தொங்குவதுதான் நம் நினைவுக்கு வரும். அது பெரிய உண்ணி. நாம் பேசுவது அதன் தூரத்து உறவான சிற்றுண்ணியைப் பற்றி. மலாய்க்காரர்கள் ‘துங்காவ்’ என்பார்கள். இதன் குஞ்சுதான் கடிக்கும். அது ஓர் ஊசிமுனை அளவுதான் இருக்கும்; ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஆரஞ்சு நிறம், ஆறு கால். வளர்ந்த சிற்றுண்ணி எட்டுக் காலோடு மண்ணுக்குள் வாழும். சின்னஞ்சிறு பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்னும். மனிதன் பக்கமே வராது. தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, குஞ்சுப் பருவத்தில்தான், அதற்கு ஓர் உயிரின் உடல் வேண்டும். பெரும்பாலும் அந்த உடல் எலியினுடையது.

முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் புல் நுனியிலும் உதிர்ந்த இலைமேலும் கூட்டமாக ஏறிக் காத்திருக்கும். எலி உரசிக்கொண்டு போனால் எலிமேல் ஏறும். மனிதன் உட்கார்ந்தால் மனிதன்மேல் ஏறும். ஏறியவுடன் கடிப்பதில்லை. மெல்லிய தோல் தேடி, உடை இறுக்கிப் பிடிக்கும் இடம் தேடி, ஊர்ந்து போகும். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் பின்புறம், பெண்களுக்கு மார்பின் கீழ்ப்புறம் ஆகியவையே அதற்குப் பிடித்த இடங்கள். அது இரத்தம் குடிப்பதில்லை. எச்சிலைச் செலுத்தித் தோலைக் கரைத்து, அந்தக் கரைசலை உறிஞ்சும். இரண்டு மூன்று நாள் வயிறு நிரம்ப உறிஞ்சியபின் தானாகவே உதிர்ந்து மண்ணுக்குப் போய்விடும். வலி இருக்காது, பலருக்கு அரிப்புகூடத் தெரியாது.

நோய்க் கிருமி அந்த எச்சிலில் இருக்கிறது. குஞ்சு ஒரே முறைதான் கடிக்கிறது என்றால், கிருமி அதற்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தாயிடமிருந்து முட்டை வழியாக வந்தது. அந்தத் தாய்க்கு அதன் தாயிடமிருந்து வந்தது. எலி சிற்றுண்ணிக்குச் சோறு போடுகிறது, அவ்வளவுதான். கிருமியைப் பரம்பரைச் சொத்தாகக் காத்து வைத்திருப்பது சிற்றுண்ணிக் குடும்பமே.

அதனால்தான் இந்நோய் எல்லா இடத்திலும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. ஒரு செம்பனை வரிசையில் பத்து அடி தூரம் ஆபத்தாக இருக்கும்; அடுத்த வரிசையில் ஒன்றும் இருக்காது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணிபுரிந்த ஆடி என்ற அறிஞர், இப்படிப்பட்ட திட்டுகளைத் தீவுகளுக்கு ஒப்பிட்டார். பச்சைக் கடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத தீவுகள் இவை. தோட்டத்தில் நம் பெரியவர்கள் சில இடங்களைக் காட்டி, ‘‘அங்கே உட்காராதே, முனி நடமாட்டம்’’ என்பார்கள். அங்கே உட்கார்ந்து சாப்பிட்ட நாலு பேர் ஒரே வாரத்தில் காய்ச்சலாகப் படுத்திருப்பார்கள். சாமியை நான் குறை சொல்லவில்லை. அந்த இடத்துக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்று கண்டுகொண்ட அவர்கள் கண்ணைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்த நோயின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1920-களில் கோலாலம்பூரில் ஃபிளெட்சர், லெஸ்லர் என்ற இரு மருத்துவர்கள் ஒரு புதிரோடு போராடிக்கொண்டிருந்தார்கள். (இதே ஃபிளெட்சர்தான் 1905-இல், தீட்டிய அரிசிக்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள தொடர்பைக் கோலாலம்பூரில் சோதித்துப் பார்த்தவர். புழுங்கல் அரிசி சாப்பிட்ட நம்மவர்களுக்குப் பெரிபெரி அதிகம் வராததை அந்தக் காலத்து மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள்.) டைஃபஸ் போன்ற காய்ச்சலோடு வந்த நோயாளிகளின் இரத்த நீரை, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஒருவகைக் கிருமியோடு கலந்து பார்ப்பார்கள். டைஃபஸ் என்றால் கலவை திரண்டு போகும். அவர்களிடம் இரண்டு வளர்ப்புகள் இருந்தன. ஒன்று வார்சா வகை. மற்றொன்று கிங்ஸ்பரி என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்றுதான் எண்ணியிருந்தார்கள். ஆனால் பட்டணத்துக் கடைகளிலும் கிடங்குகளிலும் இருந்தவர்களின் இரத்தம் வார்சா வகையோடு மட்டும் திரண்டது. தோட்டத்திலும் புதர்க்காட்டிலும் வேலை செய்தவர்களின் இரத்தம் கிங்ஸ்பரி வகையோடு மட்டும் திரண்டது.

ஆக, நோய் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பட்டணத்து டைஃபஸ். எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சியால் வருவது. மற்றொன்று நாட்டுப்புற டைஃபஸ், சிற்றுண்ணியால் வருவது. இரண்டுக்கும் பின்னால் எலி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நாட்டுப்புற டைஃபஸ் கண்டவர்களில் பெரும்பாலோர் செம்பனைத் தோட்டங்களிலிருந்து வந்தார்கள். நன்றாகக் களையெடுத்த பால்மரத் தோட்டத்தில் தரை நிழலாகவும் வெறுமையாகவும் இருக்கும். இளம் செம்பனைத் தோட்டம் அப்படியல்ல. மட்டைகள் இன்னும் வானத்தை மூடியிருக்காது. வெயில் தரையில் விழும். லாலான் புல்லும் கொடியும் மண்டும். காய்ப்பு தொடங்கிவிட்டால் உதிரிப் பழம் எலிக்கு விருந்து. புல், எலி, ஈரம் மூன்றும் கூடினால் சிற்றுண்ணிக்கு வேறென்ன வேண்டும்? பின்னாளில் ஜொகூரில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது, அந்த இளஞ்செடிகளுக்கிடையே குனிந்து வேலை செய்தது நம் தாய்மார்கள்தான்.

இதே காய்ச்சல் ஜப்பானின் ஆற்றங்கரைகளிலும் வெகுகாலமாக இருந்தது. சுமத்திராவின் டெலி பகுதித் தோட்டங்களிலும் கண்டார்கள். சிற்றுண்ணியின் அறிவியல் பெயரிலேயே அந்த டெலி ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெலிக்குக் கூலியாகப் போன தமிழர்களும் உண்டு. ஆனால் ஜப்பானிலும் டெலியிலும் நோயாளிகளின் உடலில் கறுப்புப் பொருக்கு இருந்தது; மலாயாத் தோட்டத்து நோயாளிகள் பலரிடம் அது இல்லை. எனவே இவை வேறு வேறு நோய்கள் என்றே நெடுநாள் நம்பினார்கள். லூத்வெயிட் என்ற ஆங்கிலேயரும் சவூர் என்ற இந்திய மருத்துவரும் பல ஆண்டு சோதனைக்குப் பின், 1940-இல் இரண்டும் ஒன்றே என்று நிலைநாட்டினார்கள். இந்தச் செய்தி நமக்கு இன்றைக்கும் உதவும். பொருக்கு இருந்தால் இந்நோய் என்று வலுவாகச் சந்தேகிக்கலாம். பொருக்கு இல்லையென்றால் இந்நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம்முடையதுபோன்ற கருத்த தோலில் பொருக்கு எளிதில் கண்ணுக்குப் படுவதுமில்லை.

அந்நாளில் மருந்து கிடையாது. தண்ணீர் கொடுத்து, உடம்பைத் துடைத்துவிட்டு, காய்ச்சல் தானாக விடுமா என்று இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் சண்டையிட்ட படைகளை இந்நோய் கடுமையாகத் தாக்கியது. போர் முடிந்தபின், 1948-இல், ஸ்மாடல் என்பவர் தலைமையில் அமெரிக்க மருத்துவர் குழு ஒன்று கோலாலம்பூருக்கு வந்தது. வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த புது மருந்தைக் கொண்டுவந்திருந்தார்கள். அதுதான் குளோரம்ஃபெனிகால். கொடுத்த ஓரிரு நாளில் காய்ச்சல் விழுந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று எண்ணி அம்மருந்து கொடுத்த சிலருக்கு உண்மையில் இருந்தது டைஃபாய்டு. அவர்களும் தேறினார்கள்! இப்படித்தான் டைஃபாய்டுக்கும் மருந்து கிடைத்தது. உலகத்துக்கே பயன்பட்ட அந்தக் கண்டுபிடிப்பு நடந்த இடம் கோலாலம்பூர்.

இன்றைக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற மருந்துகள் இருக்கின்றன. விலை அதிகமில்லை, எல்லா அரசாங்க மருத்துவமனைகளும் அறிந்தவை. கர்ப்பிணிகளுக்கு எது ஏற்றது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்; ஆகவே கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோய் முற்றிப்போனவர்களுக்கு என்ன செய்வது என்பதை வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் ஆராய்ந்தார்கள். 2023-இல் முடிவு வெளிவந்தது. ஊசி வழியாக இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று தெரிந்தது. தடுப்பூசி மட்டும் இன்றுவரை இல்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்ற உத்தரவாதமும் இல்லை. கிருமியில் பல வகை உண்டு.

இத்தனை நல்ல மருந்து இருந்தும் ஏன் ஆபத்து? நோயை அறியாமல் நாள் கடத்துவதால்தான். வீட்டில் மிச்சம் வைத்திருக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். பெனிசிலின் குடும்பத்து மருந்து எதுவும் இந்தக் கிருமியைத் தொடாது. இது நம் உடலின் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. முதல் வாரத்தில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் வரும்; அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும்; இருமலும் வரலாம். இரண்டாவது வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று கிருமி கைவைக்கத் தொடங்கும். சிலருக்குக் காது மந்தமாகும், சிலர் பிதற்றுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், குலை வெட்டும் இளைஞன் ஒருவனை எட்டாம் நாள் கொண்டுவந்தார்கள். அதற்குள் நினைவு தப்பியிருந்தது. மருத்துவமனைக்கு அனுப்பினேன், மறுநாள் இறந்துபோனான். பொருக்கு அவனுடைய தொடை இடுக்கில் இருந்தது. அதை அவன் முன்பே பார்த்திருக்கிறான். அந்த இடத்துப் புண்ணை வெளியே சொன்னால் ஊர் என்ன நினைக்குமோ என்று வெட்கப்பட்டு, மனைவியிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறான். அவன் மனைவி அதைச் சொல்லி அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று முதல் காய்ச்சலோடு யார் வந்தாலும், திரை போட்டு, உடலின் எல்லா மடிப்பையும் பார்க்காமல் நான் விட்டதில்லை. பெண்களானால் என் மனைவி பார்ப்பாள். சில பேர் கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

‘‘இதெல்லாம் தோட்டத்துக் கதை, நாங்கள் தாமானுக்கு வந்துவிட்டோம்’’ என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். அதையும் பார்ப்போம். 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், மலேசிய நாட்டுப்புறத்தில் காய்ச்சலுக்காக மருத்துவமனையில் படுத்த 1,629 பேரைச் சோதித்திருந்தார்கள். நூற்றுக்குப் பத்தொன்பது பேருக்கு இருந்தது உண்ணிக் காய்ச்சல். மலேரியாவையும் டைஃபாய்டையும்விட அதிகம். அன்றைய நாட்டுப்புறத்தில் எத்தனையோ இடம் இன்றைக்கு நகரமாகிவிட்டது. தோட்டத்தை வாங்கி மண்ணைப் புரட்டி, பாதியில் வீடு கட்டுவார்கள். மீதியைப் பல வருடம் சும்மா போட்டுவிடுவார்கள். அங்கே லாலான் முளைக்கும், குப்பை கொட்டுவார்கள், எலி வரும். பந்து போய் விழுந்தால் பிள்ளைகள் அதற்குள்தான் ஓடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிறவர்கள் கால்வாய்க் கரையில் புல்லை மிதித்துத்தான் உட்காருவார்கள். தமிழ்நாட்டில் 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பொது சுகாதாரத் துறை இந்தக் காய்ச்சலைப் பற்றி எச்சரித்தபோது, நோய் கண்ட மாவட்டங்களின் பெயரில் சென்னையும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களும் இருந்தன. அங்கே ஏது செம்பனை? புதரும் எலியும் போதும்.

பட்டணத்தில் வேறொரு தொல்லையும் உண்டு: நாய் உண்ணி. இதன் கதை வேறு. காவலுக்கு வளர்க்கும் நாயின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஒட்டி இரத்தம் குடிக்கும்; குடித்து முடித்த பெண் உண்ணி இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டினால் இது தீராது. கால்நடை மருத்துவரிடம் மருந்து வாங்கி நாய்க்குப் போடும் அதே நாளில், நாய் படுக்கும் இடத்தையும் சுவர் வெடிப்பையும் சுத்தம் செய்து அடைக்க வேண்டும். நாயுண்ணியால் நம் நாட்டில் நாய்களுக்குத்தான் நோய் அதிகம். ஆனால் உண்ணி எதுவானாலும் அலட்சியம் கூடாது. கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் 1957-இல் குரங்குகள் செத்து விழ, அதைத் தொடர்ந்து மனிதர்களுக்கும் உயிர் குடிக்கும் காய்ச்சல் பரவியதே, அதைப் பரப்பியது காட்டு உண்ணி.

உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால் நெருப்புக் குச்சியால் சுடுவதும் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நம்மிடம் பழைய வழக்கம். வேண்டாம். சூடுபட்ட உண்ணி தன் வயிற்றிலிருப்பதை நம் உடம்புக்குள் கக்கிவிடக்கூடும். மயிர் பிடுங்கும் சிறு இடுக்கியால், தோலை ஒட்டி, அதன் வாய்ப்பக்கம் பிடித்து, நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். வயிற்றைப் பிதுக்கக் கூடாது. பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காதுக்குள் உண்ணி புகுந்துவிடுவதும் நம் நாட்டில் அவ்வப்போது நடக்கிறது. காது குடையும், இரைச்சல் கேட்கும், குழந்தை அழும். கொண்டை ஊசியும் தீக்குச்சியும் விட்டுக் கிளறினால் செவிப்பறை போய்விடும். மருத்துவமனையில் அதை மரக்கச் செய்து எடுப்பார்கள்.

சிற்றுண்ணிக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியாததை எப்படித் தவிர்ப்பது? அது ஏறியவுடன் கடிப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா, நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதுதான். வேலை முடிந்து வந்தவுடன், தேநீருக்கும் முன்னால், சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட வேண்டும். வேலைச் சட்டையோடு பாயில் சாய்வதும், அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு ஆணியில் மாட்டுவதும் கூடாது. அன்றன்றே நனைத்துவிட வேண்டும். காலணிக்குள், அல்லது நீண்ட காலுறைக்குள், காற்சட்டையின் அடிப்பாகத்தைச் செருகிக்கொள்வது பார்ப்பதற்கு அழகில்லைதான். ஆனால் உதிரிப் பழம் பொறுக்குகிற பெண்கள் நாள் முழுவதும் குனிந்தும் குந்தியும் இருக்கிறவர்கள். அவர்களுக்கு இது மிகவும் அவசியம். சாப்பாட்டு நேரத்தில் புல்லில் நேராக உட்காராமல் உரச் சாக்கையாவது பிளாஸ்டிக்கையாவது விரித்துக்கொள்ளலாம். கழற்றிய சட்டையைப் புல்லில் போடாமல் மட்டைக் காம்பில் தொங்கவிடலாம். கடையில் பூச்சி விரட்டும் தைலம் வாங்கும்போது ‘டீட்’ கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். கணுக்காலிலும் இடுப்பிலும் தடவிக்கொள்ளலாம். அட்டையில் எழுதியிருக்கும் வயதுக் கணக்கைப் பார்த்துத்தான் குழந்தைகளுக்குத் தடவ வேண்டும்.

வீட்டைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டுங்கள். வெட்டிய மட்டைகளைக் கொல்லைப்புறத்தில் குவிக்காதீர்கள். அந்தக் குவியல்தான் எலிக்கு வீடு. செம்பனைத் தோட்டங்களில் கூடு வைத்துக் கூகைகளை வளர்க்கிறார்களே, அது எலிக்காகத்தான். ‘‘கூகை கத்தினால் சாவு’’ என்று கல்லெடுத்து எறியாதீர்கள். அது இரவெல்லாம் நமக்காக வேலை செய்கிறது. வீட்டுக்குள் எலியைப் பொறி வைத்துப் பிடித்தால் செத்த எலியை வெறுங்கையால் தொட வேண்டாம். எலி செத்ததும் அதன் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி வேறு உடம்பு தேடிக் கிளம்பும். கொதிநீர் ஊற்றியபின் அப்புறப்படுத்துவது நல்லது.

காய்ச்சல் வந்தவரைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேண்டாம். இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டலாம். ஊட்டும்போதே உடம்பையும் பார்த்துவிடுங்கள். கணவனுக்கு மனைவியும், மாமியாருக்கு மருமகளும், பிள்ளைக்குத் தாயும் பார்க்கலாம். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் பின்புறம், காதின் பின்புறம், தலைமுடிக்குள், இந்த இடங்களில் விளக்கு வைத்துப் பாருங்கள்.

கிளினிக்கில் மருத்துவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். நகரத்திலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளையாகவும் இருக்கலாம். அவருக்குத் தோட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்: ‘‘டாக்டர், மூன்று வாரத்துக்குள் செம்பனைத் தோட்டத்துக்குப் போனேன், புல்லில் உட்கார்ந்தேன்.’’ மலாயில் சொல்வதானால் ‘லாடாங்’ என்ற ஒரு சொல்லே போதும். டெங்கி இல்லை என்று முடிவு வந்தபின்னும் காய்ச்சல் விடவில்லையென்றால், ‘‘டைஃபஸாக இருக்குமா?’’ என்று கேட்பதில் தவறில்லை. எந்த நல்ல மருத்துவரும் அதற்குக் கோபிக்கமாட்டார். டைஃபஸ், 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. ஒருவர் நோய் அறிவிக்கப்பட்டால், அவர் உட்கார்ந்த அந்தத் திட்டைச் சுகாதார அதிகாரிகள் தேடிப் பார்க்கவும் வழி பிறக்கிறது.

அந்த எட்டாவது மாடிப் பெண் இந்த ஆண்டும் திருவிழாவுக்கு வந்திருந்தாள். அன்னதானத்துக்கு முன்பே மாமியார் கோவில் பின்புறம் புல்வெட்ட ஆள் வைத்துவிட்டார். பிளாஸ்டிக் பாய் நாலு வாங்கிப் போட்டிருந்தார். ‘‘எல்லாரும் பாயிலே உட்காருங்க, வீட்டுக்குப் போனதும் குளிங்க’’ என்று, பூசாரியைவிட உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.